"திருப்பிக் கொடுக்கத்தானே வளர்த்தோம்... அப்புறம் ஏன் அழுகை?" - நாய்களை ஃபாஸ்டர் செய்யும் முன் தெரிஞ்சுக்கவேண்டியவை!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜி புது வீட்டுக்குப் போனாள். இரண்டரை மாதம் என் வீட்டில் ஒரு செருப்பைக்கூட விட்டுவைக்காத நாட்டு நாய்க்குட்டி. கார் கிளம்பும் வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே வந்து அவள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போதுதான் உடைந்துபோனேன். "இதுக்குத்தான் வேணாம்னு முதல்லயே சொன்னேன்" என்ற அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஃபாஸ்டரிங்னா இதுதான் மக்களே. ஷெல்டரில் இருக்கும் நாயைக் கொஞ்ச நாள் நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, நிரந்தர வீடு கிடைத்ததும் அனுப்பிவைப்பது.

ஷெல்டர்லயே இருந்தா என்ன?

சென்னையில் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா மாதிரியான அமைப்புகள் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால், எவ்வளவு நல்ல ஷெல்டராக இருந்தாலும் நிறைய நாய்கள் ஒரே இடத்தில் இருக்கும்போது சத்தமும் தொற்றும் அதிகம். தடுப்பூசி முடியாத குட்டிகளுக்கு இது பெரிய ஆபத்து.

இன்னொரு விஷயம், பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் 14-வது வாரம் வரைதான் ஒரு குட்டி உலகத்தைப் பழகும் காலம். மிக்ஸி சத்தம், காலிங் பெல், குழந்தைகள் எல்லாம் பயப்படும் விஷயங்கள் இல்லை என்று அப்போதுதான் கற்றுக்கொள்ளும். அதற்கு ஒரு வீடு வேண்டும்.

தெருவில் நன்றாக இருக்கும் வளர்ந்த நாயைத் தூக்கிவருவது ஃபாஸ்டரிங் இல்லை. குட்டிகள், கைவிடப்பட்ட வளர்ப்பு நாய்கள், ஆபரேஷன் முடிந்து தேறவேண்டியவை... இவற்றுக்குத்தான் நம் வீடு தேவை.

'யெஸ்' சொல்றதுக்கு முன்னாடி...

ஹவுஸ் ஓனர், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரிடமும் முதலில் பேசிவிடுங்கள். பாதியில் திருப்பி அனுப்புவது நாய்க்கு இன்னொரு அடி.

ஷெல்டரிடம் கேட்கவேண்டியவை: மருத்துவச் செலவு யாருடையது? ராத்திரி 2 மணிக்கு அவசரம்னா யாருக்கு போன் செய்வது? வீடு கிடைக்கவில்லை என்றால் எத்தனை மாதம் வைத்திருக்கவேண்டும்? பதில்களை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்த முதல் நாளே கொஞ்சாதீர்கள். பயம் தெளிய 3 நாள், வீட்டு வழக்கம் புரிய 3 வாரம், 'இது என் இடம்' என்று நம்ப 3 மாதம் என்பது பொதுவான கணக்கு. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்களுக்கு விஷம். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு சில வார இடைவெளியில் அடுத்தடுத்த டோஸ்கள், சுமார் 3 மாதத்தில் ரேபிஸ் ஊசி. விளையாட்டுக்குக் கடித்து ரத்தம் வந்தாலும் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

யாரும் சொல்லாத பக்கம்

பஜ்ஜி தனியாக வரவில்லை. கூடவே அவள் தம்பி போண்டாவும் வந்தான். வந்த நான்காம் நாள் போண்டா சாப்பிடவில்லை. இரண்டு தடவை வாந்தி. "செரிக்கலை போல, காலையில பார்த்துக்கலாம்"னு நினைத்தேன். விடியும்போது ரத்தம் கலந்த பேதி. பார்வோ வைரஸ். டிரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். பஜ்ஜிக்கும் தொற்று இருந்தது. அவளை உடனே தூக்கிக்கொண்டு ஓடினேன், பிழைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு ராத்திரியை நினைத்து இன்னமும் எனக்குத் தூக்கம் கெடுகிறது. "சீக்கிரம் வந்திருந்தாலும் உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரியவில்லை. உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: தடுப்பூசி முடியாத குட்டி சோர்ந்துபோய் வாந்தி எடுத்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

பார்வோ கிருமி வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது, ப்ளீச் போட்டுத்தான் துடைக்கவேண்டும். அதன் பிறகும் தடுப்பூசி போடாத குட்டிகளை அந்த வீட்டுக்கு உடனே கொண்டுவரக் கூடாது.

நாமளே வெச்சுக்கலாமே?

வெச்சுக்கலாம். இதற்கு 'ஃபாஸ்டர் ஃபெயில்'னு செல்லப் பெயரே உண்டு. வசதியும் நேரமும் இருந்தால் அது தோல்வியே இல்லை. ஆனால் நான் ஒரு அறை, ஒரு சம்பளத்தில் இருப்பவள். பஜ்ஜியை வைத்துக்கொண்டால் அடுத்த நாய்க்கு என் வீட்டில் இடமில்லை.

அதனால் வந்தவர்களிடம் நேர்காணலே நடத்தினேன். ஊருக்குப் போனால் யார் பார்த்துப்பாங்க? கருத்தடை செய்வீங்களா? மொட்டைமாடியில் கட்டிப்போட மாட்டீங்களே? சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள், பரவாயில்லை. பதில் சொன்ன குடும்பத்துக்குத்தான் பஜ்ஜி போனாள். போண்டாவைப் பற்றியும் அவர்களிடம் சொன்னேன்.

நேற்று வீடியோ வந்தது. அவர்கள் வீட்டு சோபாவில் தலைகீழாகப் படுத்துத் தூங்குகிறாள். என்னை மறந்திருப்பாள் என்று தோன்றியது. கொஞ்சம் வலித்தது. ஆனால், இப்படி பயமில்லாமல் தூங்கவேண்டும் என்றுதானே அத்தனை ராத்திரி கண்விழித்தோம்?

இதை டைப் செய்யும்போது என் காலடியில் கட்டுப்போட்ட காலோடு ஒரு பெரிய நாய் படுத்திருக்கிறது. தடுப்பூசி எல்லாம் முடித்து வந்திருக்கிறது. கால் சரியாக ஆறு வாரம் ஆகுமாம். "இன்னும் பேர் வைக்கலையா?" என்று கேட்டது அம்மாதான்!