எழுத்தைச் சலிக்கும் சல்லடை!

நீலகிரி மொழிகளைக் காக்கக் கம்ப்யூட்டர் செய்யும் உதவி

குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தால், மணம் மூக்கைத் துளைக்கும். வாட்டி, நசுக்கி, உலர்த்திய தேயிலை கடைசியில் சல்லடைக்கு வருகிறது.

சல்லடை ஆடுகிறது. பெரிய தூள் ஒரு பக்கம் விழுகிறது. சிறிய தூள் இன்னொரு பக்கம் விழுகிறது. பொடியிலும் பொடியான 'டஸ்ட்' வேறொரு பக்கம் சேருகிறது. ஒவ்வொன்றும் தனி மூட்டையாகிறது. மூட்டையின் மேல் ரகத்தின் பெயரை எழுதுகிறார்கள்.

பெயர் மாறிவிட்டால்? வாங்குகிறவர் ஏமாந்து போவார்!

எழுத்துக்கும் இப்படி ஒரு சல்லடை இருக்கிறது. நீளமான எழுத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் கொடுக்கும் கம்ப்யூட்டர் சல்லடை அது. அந்தச் சல்லடைக்கு நீலகிரியில் மிகப் பெரிய வேலை காத்திருக்கிறது.

மலை ஏறி வந்த அறிஞர்

1935-ம் ஆண்டு கனடா நாட்டில் பிறந்த ஓர் அறிஞர் நீலகிரிக்கு வந்தார். அவர் பெயர் எமனோ. அப்போது அவருக்கு வயது 31.

தோடர்களும் கோத்தர்களும் பேசும் மொழிகளுக்கு எழுத்து கிடையாது. பாட்டும் கதையும் வாய் வழியாகவே வந்தன. எமனோ அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். கேட்டதைக் கேட்டபடி எழுதினார். தோடர்களின் பாடல்களையும், கோத்தர்களின் கதைகளையும் பின்னர் பெரிய நூல்களாக வெளியிட்டார். 2005-ம் ஆண்டு அவர் காலமானபோது அவருக்கு வயது 101.

ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பரோ என்பவருடன் சேர்ந்து அவர் ஓர் அகராதியும் செய்தார். அதுதான் 'திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி.' 1961-ல் முதலில் வெளிவந்தது. 1984-ல் திருத்திய பதிப்பு வந்தது. அதில் 5,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன.

ஒரு வீட்டில் பல பிள்ளைகள்

அந்த அகராதியில் என்ன இருக்கிறது?

'கண்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் கண். கோத்தர் மொழியிலும் கண். கன்னடத்தில் கண்ணு. தெலுங்கில் கன்னு. இவை எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே ஒரே பதிவில் வரிசையாக நிற்கின்றன. தமிழ் முதலில் நிற்கும். பாகிஸ்தானில் பேசப்படும் பிராகுயி மொழி கடைசியில் நிற்கும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அந்த மொழியின் பெயர் சுருக்கமாக இருக்கும்.

படிக்கிற மனிதருக்கு இது போதும். ஆனால், "கோத்தர் மொழிச் சொற்களை மட்டும் எடுத்துக் கொடு" என்று யாராவது கேட்டால்? ஆயிரக்கணக்கான பதிவுகளையும் புரட்ட வேண்டும். அங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது.

குறளைப் பிரிப்பது சுலபம்

திருக்குறளில் 133 அதிகாரங்கள். அதிகாரத்துக்குப் பத்துக் குறள். ஆக 1,330. ஏழாவது அதிகாரம் எங்கே தொடங்குகிறது? 61-வது குறளில்! எண்ணத் தெரிந்தால் போதும், பிரித்துவிடலாம்.

அகராதி அப்படி அல்ல. ஒரு பதிவு இரண்டு வரி. இன்னொரு பதிவு அரைப் பக்கம். எண்ணிப் பிரிக்க முடியாது. அடையாளம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

பதிவு எண்ணைக் கண்டால், "புதிய பதிவு தொடங்குகிறது" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்கிறார்கள். மொழிச் சுருக்கத்தைக் கண்டால், "அடுத்த சுருக்கம் வரும்வரை எல்லாம் இந்த மொழிக்குச் சொந்தம்" என்று சொல்லிவைக்கிறார்கள். அவ்வளவுதான் சூத்திரம்!

இந்தக் கட்டளைகளை ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. முன்னே எழுதியவர்கள் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்புக்கு 'நிரல் நூலகம்' என்று பெயர். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2001-ல் தொடங்கிய 'என்.எல்.டி.கே.' அப்படி ஒரு நூலகம். எழுத்தை வாக்கியமாகவும் சொல்லாகவும் பிரித்து, பெயர்ச்சொல், வினைச்சொல் என்று அடையாளமும் இடும். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தமிழுக்கும் 'ஓப்பன் தமிழ்' என்ற நூலகம் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கோ ஐந்து குறிகள்! மி என்பதில் மகரம் ஒன்று, கொக்கி ஒன்று. ழ் என்பதில் ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. இவற்றைச் சரியாகச் சேர்த்து, மூன்று எழுத்து என்று சொல்ல அந்த நூலகம் உதவுகிறது.

ஒரு புள்ளியில் இருக்கிறது உயிர்

சல்லடையில் ஓட்டை பெரிதானால் என்ன ஆகும்?

அகராதியில் கோத்தர் மொழிக்கு ஆங்கிலத்தில் 'கே, ஓ' என்ற இரண்டு எழுத்துகளும் ஒரு புள்ளியும் அடையாளம். குடகு மொழியின் சுருக்கமும் அதே இரண்டு எழுத்தில்தான் தொடங்குகிறது. மத்திய இந்தியாவின் கோலாமி மொழியும் அப்படியே!

"முதல் இரண்டு எழுத்தைப் பார்" என்று மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொன்னால் தீர்ந்தது. குடகுச் சொல்லும், கோலாமிச் சொல்லும் கோத்தர் மூட்டையில் விழும். "இரண்டு எழுத்துக்குப் பிறகு புள்ளி இருக்கிறதா என்று பார்" என்று சொன்னால் பிழை நீங்கும். ஒரு புள்ளி செய்யும் வேலையைப் பார்த்தீர்களா?

தமிழைப் பல கோடிப் பேர் பேசுகிறார்கள். தவறான சொல் ஒன்று நுழைந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கோத்தர் மொழியையும் தோடர் மொழியையும் பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ இவற்றையும் சேர்த்திருக்கிறது. இங்கே தவறு நுழைந்தால், நாளை அதுவே உண்மை என்று ஆகிவிடும். ஆகவே கம்ப்யூட்டர் பிரித்ததை, அந்த மொழி பேசும் பெரியவர்கள் ஒருமுறை காதால் கேட்டுச் சொல்வது அவசியம்.

பாட்டி சொன்ன சொல்

இன்று சிகாகோ பல்கலைக்கழகம் அந்த அகராதியை இண்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஊட்டியில் ஒரு கோத்தர் வீட்டுப் பெண்ணும் கைபேசியில் அதைப் பார்க்கலாம்.

தன் பாட்டி அடுப்படியில் சொன்ன ஒரு சொல் அங்கே இருப்பதை அவள் காண்பாள். அதன் முன்னால் அவளுடைய மொழியின் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

தேயிலை மூட்டையில் பெயர் மாறினால் நஷ்டம் ஒரு நாளோடு போகும். மொழியின் பெயர் மாறினால் அந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வது?