கைக்குப் பொருந்தும் கேமரா

இல்லத்து விழாக்களில் எடுத்த படங்கள் தெளிவின்றி அமைந்தால், நம்மில் பலர் லென்ஸையோ மெகாபிக்சல் எண்ணிக்கையையோ குறை கூறுகிறோம். பல நேரங்களில் படத்தைக் கெடுப்பது, ஷட்டர் திறந்திருக்கும் நொடிப்பொழுதில் கையில் ஏற்படும் சிறு அசைவே ஆகும். அவ்வசைவைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் கேமராவின் உடலமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

கருவியைத் தாங்குவது ஒரு பணி; பொத்தானை அழுத்துவது மற்றொரு பணி. நல்ல பிடி இவ்விரண்டையும் வெவ்வேறு விரல்களுக்குப் பிரித்தளிக்கிறது. வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் ஆகியவை பிடியைச் சுற்றி வளைந்து எடையைத் தாங்க, கட்டைவிரல் பின்புறம் ஊன்றி நிற்க, சுட்டுவிரல் தளர்வாக இருத்தல் வேண்டும். சுட்டுவிரலும் எடையைச் சுமக்க நேர்ந்தால், பொத்தானை அழுத்தும்போது கருவியே சாய்ந்துவிடும்.

1925-இல் அறிமுகமான லைகா கேமராவில் தனிப்பிடி இல்லை. சிறிய லென்ஸும் குறைந்த எடையும் கொண்டிருந்ததால் அதன் வளைந்த பக்கங்களே போதுமானவையாக இருந்தன. பெரிய லென்ஸ்கள் பெருகியபோது தேவை மாறியது. 1980-இல் வெளிவந்த நிக்கான் எஃப்3 கேமராவை வடிவமைத்த இத்தாலியர் ஜியுஜியாரோ, வலப்புறத்தில் சிறியதொரு பிடியைச் சேர்த்தார். 1986-இல் வந்த கேனான் டி90, ஜெர்மானிய வடிவமைப்பாளர் லூயிஜி கொலானியின் கருத்துகளையும் ஏற்று, கைக்குள் அடங்கும் வளைவுகளுடன் உருவாயிற்று. இன்றைய பல கேமராக்களில் அந்தச் சாயலைக் காணலாம்.

எடையும் கவனிக்கத்தக்கது. மிக இலேசான கருவி விரலின் அழுத்தத்திற்கே அசையும். மிகக் கனமானது கையைச் சோர்வடையச் செய்யும். சிறிய உடலில் நீண்ட லென்ஸைப் பொருத்தினால் பாரம் முன்னோக்கி இழுக்கும். அப்போது இடது உள்ளங்கையை லென்ஸின் அடியில் வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்வது நன்று. வியூஃபைண்டரில் கண்ணைப் பதித்துப் பார்த்தால் முகமும் ஒரு தாங்கலாகிறது. கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுக்கும்போது அவ்வுதவி இல்லை.

முழுச்சட்டகக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடி, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 நொடி அல்லது அதனினும் விரைவான ஷட்டர் வேகம் தேவை என்பது பழைய கணக்கு. அதிர்வு தணிப்பு வசதி இவ்வரம்பைத் தளர்த்துகிறது. எனினும் ஓடும் குழந்தையின் அசைவை அதனால் நிறுத்த இயலாது.

ஆகவே, தொகையைச் செலுத்துமுன், தவணைக்குக் கையொப்பமிடுமுன், கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பயன்படுத்தவிருக்கும் லென்ஸைப் பொருத்தி ஐந்து நிமிடம் கண்ணருகே பிடியுங்கள். சுண்டுவிரலுக்கு இடம் இருக்கிறதா, விரல்கள் லென்ஸில் இடிக்கின்றனவா, பொத்தான் எட்டுகிறதா என்று காணுங்கள். மெதுவான ஷட்டர் வேகத்தில் பத்துப் படங்கள் எடுத்து, திரையில் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். கை நடுக்கமுள்ள மூத்தோருக்கு இச்சோதனை இன்னும் இன்றியமையாதது. ஏற்கெனவே வாங்கிய சிறு கேமராவுக்கு, அடிப்புறத் திருகுத் துளையில் பொருத்தும் துணைப்பிடி கிடைத்தால் அதுவே போதும். புதியது வாங்கும் செலவு மிச்சம்.

தாத்தாவின் சதாபிஷேகம் மீண்டும் வராது. அந்த ஒரு கணத்தில் நமக்குத் துணை நிற்பது, விலை உயர்ந்த கேமராவைவிட நம் கைக்குப் பொருந்திய கேமராவே.