சிறிய சிறகுகள் – 6: பாலம் கட்டியவர் விட்ட விமானம்

ஸ்காட்லாந்தின் டண்டி நகருக்கு எதிரே, டே ஆறு கடலில் கலக்கும் இடம் மிகவும் அகன்றது. அதன் குறுக்கே சாலைப் பாலம் கட்டும் ஒப்பந்தத்தை 1960களில் எடுத்தது டங்கன் லோகன் கட்டுமான நிறுவனம். அதை நடத்திய வில்லி லோகனுக்கு, தொலைவில் நடக்கும் வேலைகளைப் பார்த்துத் திரும்ப விமானம் தேவைப்பட்டது. 1962 பிப்ரவரி 1 அன்று ஒரே ஒரு பைப்பர் ஆஸ்டெக் விமானத்தோடு எடின்பரோவில் ‘லோகன்ஏர்’ பிறந்தது.

1966 ஜனவரியில், வேறொரு நிறுவனத்தின் வாடகை விமானத்தில் சென்ற லோகன், இன்வர்னெஸ் அருகே விபத்தில் இறந்தார். பாலம் திறக்கப்பட்டது அதே ஆண்டு ஆகஸ்டில். அவர் பெயரைத் தாங்கிய விமானங்களோ, பாலம் கட்ட வழியில்லாத ஊர்களைத் தேடிப் போயின.

வடக்கே ஆர்க்னியில் சுமார் 70 தீவுகள். மக்கள் வாழ்வது ஏறக்குறைய இருபதில். 1967இல் தலைநகர் கிர்க்வாலிலிருந்து வெளித்தீவுகளுக்கு லோகன்ஏர் பறக்கத் தொடங்கியது. இறங்குமிடம் பெரும்பாலும் புல்தரைதான். எட்டு, ஒன்பது பேர் மட்டுமே அமரக்கூடிய ‘ஐலாண்டர்’ விமானம் அதற்கென்றே செய்தது போல அமைந்தது. இரட்டை எஞ்சின், குறுகிய ஓட்டத்திலேயே எழும்பும் இறக்கை.

வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கிலோமீட்டர். எடின்பரோ விமான நிலைய ஓடுபாதையின் நீளமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். கால அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று ஒத்துழைத்த ஒருநாள் 53 நொடியில் முடிந்திருக்கிறது. உலகின் மிகக் குறுகிய பயணிகள் சேவை என்று இதைப் படம் பிடிக்கப் பலர் வருகிறார்கள். ஆனால் அன்றாடம் இதில் ஏறுகிறவர்கள் ஆசிரியர்கள், மருத்துவர்கள், மாணவர்கள், நோயாளிகள். பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்வோர் நூறு பேருக்கும் குறைவு.

மேற்கே பார்ரா தீவில் ஓடுபாதையே கடற்கரை மணல். கடல் ஏறும்போது அது தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே விமான நேரத்தை ஓதம்தான் தீர்மானிக்கிறது. அவசர நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் தீவுகளிலிருந்து மருத்துவமனைகளுக்குக் கொண்டுசேர்க்கும் பணியையும் 2006 வரை, நாற்பதாண்டு போல, லோகன்ஏர் செய்தது.

உடைமை பலமுறை கைமாறியது. 1968இல் ஒரு வங்கி, 1983இல் பிரிட்டிஷ் மிட்லண்ட் விமான நிறுவனம். அந்தக் காலத்தில் பெருநகரத் தடங்களுக்கும் விரிந்தது. 1994இல் ஸ்காட்லாந்துக்கு வெளியே இருந்த தடங்கள் வேறு நிறுவனத்துக்குப் போயின. மிஞ்சியவற்றில் முக்கியமானவை தீவுத் தடங்கள். 1997இல் ஸ்காட் க்ரியர் தலைமையில் நிர்வாகத்தினரே நிறுவனத்தை வாங்கினார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ், பிறகு ஃப்ளைபி வண்ணங்களில் பறந்து, 2017இல் சொந்தப் பெயருக்கே திரும்பியது.

எட்டு இருக்கை விமானத்தின் செலவை டிக்கெட் பணம் ஒருபோதும் ஈடுகட்டாது. அதனால் ஆர்க்னியின் தீவுகளுக்கு இடையிலான சேவைக்கு உள்ளாட்சி மன்றம் பொதுப்பணத்தைத் தருகிறது. அது சரியான செலவு என்றே நான் உறுதியாக நம்புகிறேன். இத்தகைய சேவையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுமுன், அது நின்றால் எந்த ஊரில் யார் குடியிருக்க முடியாமல் போகும் என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியை இந்தியாவும் 1981இல் எதிர்கொண்டது. வடகிழக்கு மலை ஊர்களுக்காகத் தொடங்கிய ‘வாயுதூத்’ எப்படி விரிந்தது, ஏன் விழுந்தது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)