திருத்தத்தின் பின் உழவு இயந்திரத்தின் கியர் பெட்டி சூடேறுதல்: காரணம் அறியும் முறை

புத்தூர்ப் பகுதிக் கமக்காரருக்கு உழவு இயந்திரம் இன்று எருதின் இடத்தைப் பெற்றுவிட்டது. செம்மண் தறைகளில் வெங்காயம், மிளகாய், மரக்கறி ஆகியவற்றுக்குப் பாத்தி பிடிக்கவும், வயலிற் புழுதி உழவு செய்யவும், விளைவைப் பெட்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் அதுவே உதவுகின்றது. குடாநாட்டு நெல்வயல்கள் பெரும்பாலும் வடகீழ்ப் பருவ மழையையே நம்பியவை. மழைக்கு முன் நிலத்தை உழுது விதைக்கக் கிடைக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் இயந்திரம் கராச்சில் நிற்குமாயின் காலபோகம் பின்தள்ளப்படும். எனவே பருவம் தொடங்கு முன்னரே இயந்திரத்தைத் திருத்துவிப்பது நம்மவரிடையே நல்ல வழக்கமாக உள்ளது.

ஆயினும் திருத்தி வந்த இயந்திரம் முன்பில்லாதவாறு சூடேறுவதும் உண்டு. அவ்வேளையிற் சிலர் "புதுச் சாமான் போட்டால் கொஞ்சம் சுடத்தான் செய்யும்" என்று கருதித் தொடர்ந்து உழுகின்றனர். வேறு சிலர் கியர் பெட்டி முழுவதும் பழுதென்று அஞ்சி அதனைப் பிரித்துவிடுகின்றனர். இரண்டும் நட்டத்தையே தரும். சூடு ஒரு நோயன்று. அது நோயின் அறிகுறி. எவ்விடத்தில், எந்நிலையில் அது தோன்றுகிறது என்பதை ஒழுங்காக அவதானித்தால், பெரும்பாலும் ஒரு ஆணியையும் கழற்றாமலே காரணத்தைக் கண்டுகொள்ளலாம். அம்முறையை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கம்.

சூடு எவ்வாறு உண்டாகிறது?

எஞ்சின் தரும் வலு கிளச், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றினூடாகச் சில்லுகளைச் சென்றடைகின்றது. வழியில் வீணாகும் வலுவனைத்தும் வெப்பமாக மாறுகின்றது. 12 குதிரை வலுவுள்ள இருசில்லு உழவு இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரை வலு 746 வாற்றுக்குச் சமம். ஆகவே அவ்வியந்திரத்தின் வலு ஏறக்குறைய 9,000 வாற்று ஆகும். கிளச் வழுக்குவதால் அதிற் பத்தில் ஒரு பங்கு வீணானாலும் 900 வாற்று வெப்பம் பிறக்கும். அஃது உடுப்பு மடிக்கும் மின்னழுத்தி ஒன்றை இயந்திரத்தினுள் வைத்து நாள் முழுவதும் எரிப்பதற்கு ஒப்பாகும். 45 குதிரை வலுவுள்ள நாற்சில்லு இயந்திரத்தில் இதே வழுக்கல் மூன்று மின்னழுத்திகளுக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தரும்.

சூடு மிகுந்தால் ஒயில் தன் தடிப்பை இழந்து கறுக்கும். இறப்பர் சீல்கள் இறுகி வெடிக்கும். பின் ஒயில் கசியும். ஒயில் குறையவே சூடு மேலும் கூடும். இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்த்துச் சிறு பிழை பெருஞ்செலவில் முடிகின்றது.

முதலில் அறிய வேண்டிய இரண்டு

முதலாவது, சூடு உண்மையில் அளவுக்கு மிஞ்சியதா என்பது. கடும் வெயிலில் உழுத இயந்திரத்தின் கியர் பெட்டி இளஞ்சூடாக இருப்பது இயல்பே. எஞ்சினை நிறுத்திய பின், முதலிற் புறங்கையை அருகிற் கொண்டுசென்று பார்த்து, பின்னரே உள்ளங்கையை வைக்க வேண்டும். ஏறக்குறைய 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள இரும்பில் உள்ளங்கையைச் சில விநாடிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. தெளித்த நீர்த்துளி உடனே கொதித்து மறையுமாயின் வெப்பம் 100 பாகையைக் கடந்துவிட்டது என அறியலாம். தொடாமலே வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. அதே வகையான அயலவர் இயந்திரம் ஒன்றை அதே வேலையின் பின் பார்த்து ஒப்பிடுவதும் பயன்தரும்.

இரண்டாவது, திருத்தத்தின்போது எவையெவை தொடப்பட்டன என்பது. திருத்தத்துக்கு முன் இல்லாத குறை பின்னர் தோன்றினால், கைவைத்த இடத்திலேயே காரணம் இருப்பதற்கு இடமுண்டு. கிளச் தட்டு மாற்றப்பட்டதா, பெயரிங் புதிதா, பிறேக் இறுக்கப்பட்டதா, எந்த ஒயில் எத்தனை லீற்றர் ஊற்றப்பட்டது என்பவற்றைத் திருத்துநரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்க. கழற்றிய பழைய உறுப்புகளையும் கேட்டு வாங்கி வைத்தல் நன்று.

மூன்று நிலைச் சோதனை

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்துக. ஒவ்வொரு நிலையிலும் 15 நிமிடம் இயக்கி, எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்த பின்னரே தொட்டுப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: கிளச் கூடு, கியர் பெட்டி, பின் அச்சின் நடுப்பகுதி, இரு பக்கப் பிறேக்குகள். இருசில்லு இயந்திரமாயின் பட்டியையும் அது ஓடும் கப்பியையும் சேர்த்துப் பார்க்க. அடுத்த நிலைக்குச் செல்லுமுன் இயந்திரம் நன்றாக ஆறவேண்டும்.

முதல் நிலை: கியரை நடுநிலையில் விட்டு, கிளச்சில் கால் வையாது எஞ்சினை மட்டும் இயக்குக. இப்போது கியர் பெட்டியின் முன்தண்டும் அதனோடிணைந்த பற்சில்லுகளும் மட்டுமே சுழலும். இந்நிலையிலேயே கியர் பெட்டி சூடேறினால் ஒயிலிலோ முன்தண்டின் பெயரிங்கிலோ குறை உண்டு.

இரண்டாம் நிலை: பாரமின்றிச் சமமான வீதியில் ஓட்டுக. முதல் நிலையில் ஆறியிருந்த இயந்திரம் இப்போது சூடேறினால் பின்தண்டு, பின் அச்சு, பிறேக் ஆகியவற்றில் ஒன்றே காரணமாகும். ஒரு பக்கம் மட்டும் சூடாயின் அப்பக்கப் பிறேக்கை அல்லது சில்லுப் பெயரிங்கை ஐயுறுக.

மூன்றாம் நிலை: கலப்பையையோ பாரமேற்றிய பெட்டியையோ பூட்டி இயக்குக. முன்னிரு நிலைகளிலும் குறை தோன்றாது இப்போது மட்டும் முன்பக்கம் சூடேறிக் கருகல் மணம் வீசினால் கிளச் வழுக்குகின்றது என்பது ஏறக்குறைய உறுதி.

இச்சோதனைக்குச் செலவாவது சிறிது டீசலும் ஒரு முற்பகலுமே. எந்நிலையிலாயினும் புகை, கருகல் மணம், அரைபடும் ஓசை ஆகியன தோன்றினால் 15 நிமிடம் முடியும்வரை காத்திராது உடனே நிறுத்த வேண்டும்.

ஒயில்

ஒயில் குறைந்தால் பற்கள் உலர்ந்து உராய்கின்றன. ஒயில் கூடினாலும் தீங்கே. பற்சில்லுகள் அதனைக் கடைந்து நுரையாக்குவதாற் சூடு பிறக்கின்றது. "கொஞ்சம் கூட இருந்தால் நல்லது" என்ற எண்ணம் இங்கு பொருந்தாது. சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் சென்ற பின்னரே அளவுகோலைப் பார்க்க வேண்டும்.

மசி பேர்குசன் 35, 135 போன்ற நாற்சில்லு இயந்திரங்களில் கியர் பெட்டி, பின் அச்சு, கலப்பை தூக்கும் பொறி மூன்றுக்கும் ஒயில் பொதுவானது. தூக்கும் கைகள் உயர்ந்திருக்கையில் ஒரு பங்கு ஒயில் மேலே நிற்பதால் அளவு குறைவாகத் தோன்றும். ஆகையாற் கைகளைத் தாழ்த்திய பின்னரே அளக்க வேண்டும். இதனை அறியாது மேலும் ஊற்றியவர் பலர்.

ஒயிலின் இனமும் கைநூலிற் கூறியபடியே இருத்தல் வேண்டும். எஸ்.ஏ.ஈ. 90 கூறியிருக்க, கைக்கு அகப்பட்டதை ஊற்றலாகாது. ஒயில் பால் நிறமாயின் நீர் கலந்துள்ளது. கறுத்துக் கருகல் மணம் வீசின் அது வெந்துவிட்டது. மினுங்கும் இரும்புத் தூள் மிகுந்திருப்பின் உள்ளே ஏதோ தேய்கின்றது. கியர் பெட்டியின் மூச்சுத் துவாரம் சேற்றினாலோ புதிதாய்ப் பூசிய வர்ணத்தினாலோ அடைபட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க.

கிளச்

கிளச் மிதியை அழுத்தும்போது முதலிற் சிறிது தூரம் எதிர்ப்பின்றி இறங்க வேண்டும். இதனை வெற்றசைவு என்பர். புதிய தட்டுப் போட்ட பின் வெற்றசைவைச் சரிசெய்யாது விட்டால் மிதியை மிதியாதபோதும் கிளச் அரைகுறையாக விலகியே நிற்கும். தட்டு வழுக்கிச் சூடேறும். மிதியில் எந்நேரமும் காலை வைத்து ஓட்டும் பழக்கமும் இதே தீங்கைச் செய்யும். இருசில்லு இயந்திரத்திற் கிளச் கம்பி மிக இறுகியிருத்தலும், பட்டி தளர்ந்திருத்தலும் இதற்கு ஒப்பானவை.

பிறேக்

பிறேக் இறுக்கிய பின் சூடு தோன்றினால், முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நடுநிலையில் விட்டு, பின்சில்லு ஒன்றை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான முட்டுக் கொடுத்த பின் கையாற் சுற்றிப் பார்க்க. மற்றைச் சில்லையும் இவ்வாறே சோதித்து ஒப்பிடுக. ஒன்று இலகுவாகவும் மற்றது இறுக்கமாகவும் சுற்றுமாயின் இறுகிய பக்கமே குறையுள்ளது.

பெயரிங்

கூம்புருளைப் பெயரிங்குகளை அளவான இறுக்கத்திற் பூட்டுவதற்கு ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள் வைக்கப்படுகின்றன. தகடு ஒன்று குறைந்தால் இறுக்கம் மிஞ்சி, பெயரிங் இருக்கும் அவ்விடம் மட்டும் விரைவாகச் சூடேறும். புதிய சீல் முதல் ஓட்டத்திற் சிறிது சுட்டுப் பின் தணிவதுண்டு. இறுகிய பெயரிங்கின் சூடோ ஓட்ட ஓட்டக் கூடிச்செல்லும். இதனைக் கமக்காரர் தாமே பிரித்துச் சரிசெய்ய முயலாது, அவதானித்தவற்றை எழுதிய கொப்பியுடன் திருத்துநரிடம் மீளக் கொண்டுசெல்வதே முறை.

தானியங்கிக் கியர் உள்ள வாகனங்கள்

1939 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டேர்ஸ் நிறுவனம் 'ஹைட்ராமற்றிக்' என்னும் தானியங்கிக் கியரை 1940 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களுக்கென வெளியிட்டது. பெருமளவில் உற்பத்தியான முதற் தானியங்கிக் கியர் அதுவே. அவ்வகைக் கியருள்ள வானும் லொறியும் இன்று சந்தைக்குப் பொருள் ஏற்றுகின்றன. நெல் அறுக்கும் இயந்திரங்கள் பலவும் ஒயில் அமுக்கத்தினாலேயே நகர்கின்றன. இவற்றில் ஒயிலே வலுவைக் கடத்துவதால் சூடு இயல்பாகவே மிகுதி. அதனைத் தணிக்கத் தனியாக ஒயில் ஆற்றி உண்டு. ஆகவே திருத்தத்தின் பின் சூடேறினால் முதலில் நான்கைப் பார்க்க: ஒயில் ஆற்றிக்குச் செல்லும் குழாய் நெரிந்தோ அடைபட்டோ உள்ளதா, வடி சரியாகப் பூட்டப்பட்டதா, ஒயில் உரிய இனந்தானா, ஆற்றியின் முகத்தில் வைக்கோற் தூசி படிந்துள்ளதா என்பன. தானியங்கிக் கியர் பலவற்றில் ஒயிலை, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் சூடான நிலையிலேயே அளக்க வேண்டும். ஆறிய நிலையில் அளந்து ஊற்றினால் அளவு பிழைக்கும். கைநூலைப் பார்த்தே செய்க.

ஓர் அனுபவம்

எமது பகுதிக் கமக்காரர் ஒருவர் புழுதி உழவுக்கு முன் தமது நாற்சில்லு இயந்திரத்துக்குப் புதிய கிளச் தட்டுப் போடுவித்தார். உழத் தொடங்கிய முதல் நாளே முன்பக்கம் தொடமுடியாதவாறு சூடேறியது. அவர் ஒயிலை இருமுறை மாற்றினார், குறை தீரவில்லை. கியர் பெட்டியைப் பிரிக்கும்படி அயலவர் கூறினர். பணத்துக்காக வெங்காய விதையை விற்கவும் அவர் எண்ணியிருந்தார். மூன்று நிலைச் சோதனையைச் செய்து பார்த்தோம். முதலிரு நிலைகளிலும் கியர் பெட்டி குளிர்ந்தே இருந்தது. கலப்பை பூட்டியதும் கிளச் கூட்டிலிருந்து கருகல் மணம் எழுந்தது. மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தபோது வெற்றசைவு சிறிதும் இல்லை. கைநூலிற் கண்ட அளவுக்கு அதனைச் சரிசெய்ய ஒரு சாவியும் சில நிமிடங்களுமே தேவைப்பட்டன. வயல் உரிய நாளில் விதைக்கப்பட்டது. வெங்காய விதையும் வீட்டிலேயே இருந்தது. ஒயிலுக்குக் கொடுத்த பணம் மட்டும் வீணாயிற்று.

கழிவு ஒயில்

மாற்றிய ஒயிலை வேலியோரத்திலோ கிணற்றடியிலோ ஊற்றலாகாது. நமது நிலத்தின் கீழுள்ளது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணக்கல். மேலே ஊற்றியது கிணற்றைச் சென்றடையத் தடையில்லை. புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை யாவரும் அறிவர். நமக்குரிய நன்னீர் அம்மேற்படையே. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில் 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டதும் நினைவிற்குரியது. கழிவு ஒயிலை மூடியுள்ள கலனிற் சேர்த்து, அதனை வாங்குவோரிடம் கொடுத்துவிடுக.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. சூடேறிய இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட்டற்க.
2. திருத்தத்தின்போது தொட்ட இடத்தையே முதலில் ஐயுறுக.
3. மூன்று நிலைச் சோதனையைச் செய்து கண்டதை எழுதுக.
4. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினாற் குறை எதனால் தீர்ந்தது என்பது தெரியாது.
5. ஒயிலின் அளவு, இனம், கிளச்சின் வெற்றசைவு ஆகியவற்றுக்குக் கைநூலையே பின்பற்றுக.
6. பருவத்துக்கு ஒரு மாதம் முன்னரே திருத்தத்தை முடித்து, பாரம் பூட்டி ஓட்டிப் பார்த்த பின்னரே இயந்திரத்தைப் பொறுப்பேற்க.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.