கிறைஸ்ட்சர்ச் அழைப்பு

கிறைஸ்ட்சர்ச் அழைப்பு என்பது பயங்கரவாத உள்ளடக்கங்களையும் வன்முறையைத் தூண்டும் தீவிரவாத உள்ளடக்கங்களையும் இணையத்திலிருந்து அகற்றுவதற்காக அரசுகளும் தொழில்நுட்ப நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட கூட்டு உறுதிமொழி ஆகும். நியூசிலாந்தின் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னும் பிரான்சு அதிபர் இம்மானுவேல் மாக்ரோனும் இதனை 2019 மே 15 அன்று பாரிசில் தொடங்கி வைத்தனர். இது தன்விருப்பின் பேரில் ஏற்கப்படுவது. மீறுவோருக்குத் தண்டனை எதுவும் இல்லை.

பின்னணி

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இசுலாமிய மையத்திலும் தொழுகைக்குக் கூடியிருந்தோர் மீது வெள்ளையின மேலாதிக்கவாதி ஒருவர் துப்பாக்கியால் சுட்டார். 51 பேர் உயிரிழந்தனர். குடியேறிகள் வெள்ளை இனத்தவரின் இடத்தைக் கைப்பற்றுகின்றனர் என்ற சதிக் கோட்பாட்டை விளக்கும் அறிக்கையை அவர் முன்னதாகவே இணையத்தில் வெளியிட்டிருந்தார். தாக்குதலை 17 நிமிடங்கள் முகநூலில் நேரலையாகவும் ஒளிபரப்பினார்.

முகநூல் நிறுவனம் தந்த விவரப்படி, நேரலையை 200க்கும் குறைவானவர்களே பார்த்தனர். ஒளிபரப்பு தொடங்கி 29 நிமிடங்கள் கழித்தே முதல் புகார் வந்தது. ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் 15 இலட்சம் பிரதிகளை அந்நிறுவனம் அகற்ற வேண்டியிருந்தது. அவற்றுள் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டவை பதிவேற்றும்போதே தடுக்கப்பட்டன. எஞ்சிய ஏறத்தாழ 3 இலட்சம் பிரதிகள் தளத்தில் வெளியான பின்னரே நீக்கப்பட்டன. தாக்குதலாளி புகழை நாடியவர் என்பதால் அவரது பெயரை உச்சரிக்கப் போவதில்லை என்று ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

உறுதிமொழிகள்

கல்வி, ஊடக அறிவு, சமூக ஒருங்கிணைப்பு ஆகியவற்றின் வழியாகத் தீவிரவாதத்தின் வேர்க் காரணங்களைக் களைய அரசுகள் இணங்கின. நேரலை வசதியைக் கட்டுப்படுத்தவும், பயனர்களுக்குக் காணொளிகளைப் பரிந்துரைக்கும் நிரல்களை மறு ஆய்வு செய்யவும் நிறுவனங்கள் இணங்கின. இவை அனைத்தும் மனித உரிமைகளுக்கு உட்பட்டே நடைபெற வேண்டும் என்பதும் உறுதிமொழியின் பகுதியாகும். தொடக்கத்தில் இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளும், ஐரோப்பிய ஆணையமும், 8 நிறுவனங்களும் இதனை ஏற்றன. கருத்துச் சுதந்திரத்தைக் காரணம் காட்டி விலகி நின்ற அமெரிக்கா, 2021 மே மாதத்தில் இணைந்தது.

செயல்படும் முறை

அகற்றப்பட்ட ஒவ்வொரு காணொளிக்கும் கைரேகை போன்ற ஓர் எண்கோவை கணினியால் உருவாக்கப்படுகிறது. நிறுவனங்கள் இந்த எண்கோவைகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அதே காணொளியை வேறு எவரேனும் பதிவேற்றினால் எண்கோவை ஒத்துப்போய், பதிவேற்றம் தடுக்கப்படும். ஆனால் காணொளியை வெட்டினாலோ, திரையில் ஓடும்போது கைப்பேசியால் படம் பிடித்தாலோ கைரேகை மாறிவிடும். கிறைஸ்ட்சர்ச் காணொளிக்கு இவ்வாறு 800க்கும் மேற்பட்ட வடிவங்கள் தோன்றின.

பிந்தைய தாக்குதல்கள்

2019 அக்டோபர் 9 அன்று செருமனியின் ஆலே நகரில் யூதத் தொழுகைக்கூடம் ஒன்றைத் தாக்க முயன்றவர், அதனை டுவிட்ச் தளத்தில் சுமார் 35 நிமிடங்கள் நேரலையாக ஒளிபரப்பினார். 2022 மே 14 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில் கறுப்பினத்தவர் 10 பேர் கொல்லப்பட்டபோது, அதே தளம் நேரலையை இரண்டு நிமிடங்களுக்குள் நிறுத்தியது. அதற்குள் பிரதி எடுக்கப்பட்டு, வேறொரு தளத்தில் இலட்சக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. பஃபலோ தாக்குதலாளி, கிறைஸ்ட்சர்ச் தாக்குதலாளியைத் தம் முன்மாதிரியாகக் குறிப்பிட்டிருந்தார்.

விமர்சனங்கள்

எது பயங்கரவாத உள்ளடக்கம் என்பதற்குப் பொதுவான வரையறை இல்லாததால், அரசுகள் எதிர்ப்புக் குரல்களை அடக்க இதனைப் பயன்படுத்தக்கூடும் என்று மனித உரிமை அமைப்புகள் எச்சரிக்கின்றன. சிரியப் போர்க் குற்றங்களுக்குச் சான்றாக இருந்த காணொளிகளைத் தானியங்கி முறைகள் நீக்கிய நிகழ்வுகளும் உண்டு. தீவிர வலதுசாரிகள் கூடும் சிறு தளங்கள் பல இந்த உறுதிமொழிக்கு வெளியே உள்ளன.

கிறைஸ்ட்சர்ச் தாக்குதலை விசாரித்த அரச ஆணையத்தின் அறிக்கை 2020 திசம்பரில் வெளியானது. தாக்குதலாளி, தமக்குத் தூண்டுதலாக அமைந்த முக்கிய மூலம் யூடியூப் என்று ஆணையத்திடம் கூறியிருந்தார். மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் தளம் ஒன்றிலேயே வெறுப்பு வளர்ந்தது என்பதால், தாக்குதல் காணொளிகளை நீக்குவதைப் போலவே பரிந்துரை நிரல்களைப் பற்றிய உறுதிமொழியும் முக்கியமானதாகக் கருதப்படுகிறது.