படத்துக்குக் கண்ணாடி போடும் முன்

தோட்டத்து வீடானாலும் சரி, பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும் சரி, நம்மவர் வீட்டு முன்னறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் குடும்பப் படங்களும் தொங்கும். தாத்தா பாட்டி படம், கல்யாணப் படம், பிள்ளை பட்டம் வாங்கிய படம் என்று வரிசையாக இருக்கும். "படத்துக்குக் கண்ணாடி போட்டாச்சா?" என்று கேட்பது நம் வழக்கம். கண்ணாடி போட்டுவிட்டால் படம் பத்திரம் என்பது நம் நம்பிக்கை. ஆனால் அந்தக் கண்ணாடியே படத்துக்கு எமனாகிவிடுவதும் உண்டு.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் பெற்றோர் 1976இல் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது பாத்திரம் பண்டங்களுக்கு முன்னே அம்மா அதைத்தான் துணியில் சுற்றி எடுத்து வைத்தார். சட்டம் உளுத்துப்போயிற்றே, புதிதாகப் போடலாம் என்று 2009இல் நான் அதைப் பிரித்தேன். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல இழுத்தேன். அப்பாவின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. என் கையில் வந்தது வெறும் காகிதம். அப்போது அப்பா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஏன் ஒட்டுகிறது?

ஸ்டூடியோ படத்தின் மேற்பரப்பில் ஜெலட்டின் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் பொருள் அது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால் இளகிப் பசையாகிவிடும். நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுதி. கண்ணாடியோடு அழுந்திக் கிடக்கும் படம் நாளடைவில் அதனோடு ஒன்றிப்போவதில் வியப்பில்லை. ஆகவே படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிறிது இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைத் தருவது ஓர் அட்டைதான்.

வீட்டிலேயே செய்யும் முறை

புத்தகக் கடையில் கிடைக்கும் தடித்த மணிலா அட்டை ஒன்று வாங்குங்கள். 8 அங்குலம் அகலம், 10 அங்குலம் உயரமுள்ள சட்டம் ஒன்றும் வேண்டும். மலிவு விலைக் கடையில் வாங்கலாம். பரணில் கிடக்கும் பழைய சட்டமும் போதும். பழைய கண்ணாடி என்றால் கழுவி, ஒரு நாள் முழுவதும் நன்றாக உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும்.

படம் வழக்கமான 4ஆர் அளவு, அதாவது 4 அங்குலம் அகலம், 6 அங்குலம் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 8க்கு 10 அளவில் மூன்று அட்டைகள் வெட்டுங்கள். முதல் இரண்டு அட்டைகளின் நடுவில் மூன்றரைக்கு ஐந்தரை அங்குலத்தில் ஜன்னல் போல வெட்டி எடுங்கள். நான்கு பக்கமும் இரண்டேகால் அங்குலக் கரை நிற்கும். இரும்பு அடிக்கோலும் கூரான பிளேடும் இருந்தால் கோடு பிசகாது. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட வேண்டாம்.

மூன்றாவது அட்டை படத்தைத் தாங்குவதற்கு. படத்தின் மேல் பசை தடவக்கூடாது. வெள்ளைக் கடித உறைகளின் அடி மூலைகளை அரை அங்குல அளவில் முக்கோணமாக வெட்டினால் சின்னச் சின்னப் பைகள் கிடைக்கும். இரண்டு உறைகளில் நான்கு பைகள். அவற்றின் முதுகில் மட்டும் பசை தடவி அட்டையில் ஒட்டி, பசை காய்ந்த பின் படத்தின் நான்கு மூலைகளையும் அவற்றில் செருகிவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் சேதமில்லாமல் வெளியே எடுக்கலாம். மேலே ஜன்னல் அட்டைகள் இரண்டையும் வைத்துக் கண்ணாடி போடுங்கள். இரட்டை அட்டையின் கனம் படத்தைக் கண்ணாடியில் படாமல் காக்கும். பின்புறப் பலகையின் ஓரங்களில் பழுப்புக் காகித நாடா ஒட்டினால் இராமபாணப் பூச்சி நுழையாது. சட்டம் நீங்கலாக எல்லாம் சில வெள்ளிகளுக்குள் முடிந்துவிடும்.

செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் மஞ்சள் கறை படியும். ரப்பர் பசை நம் பால்மரம் தந்த பொருள்தான். ஆனால் அதில் கந்தகம் கலந்திருந்தால் படம் கெடும். நாளிதழை மடித்துப் பின்னால் திணிப்பதும் தவறு. அதிலுள்ள அமிலம் படத்தைப் பழுப்பாக்கும்.

எங்கே மாட்டுவது?

குளியலறையை ஒட்டிய சுவரும், மழைநீர் கசியும் சுவரும் ஆகாது. வெயில் நேராக விழும் இடத்தில் வண்ணப் படம் வெளுத்துவிடும். சாமி விளக்குக்கு மேலே மாட்டினால் புகை படியும். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகள் இரண்டிலும் பழைய சிலிப்பரில் வெட்டிய துண்டுகளை ஒட்டுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றோட்டம் இருக்கும். கண்ணாடியைத் துடைக்கும்போது தண்ணீரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். கண்ணாடியின் மேல் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும்.

ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால் அதை மாட்டவே வேண்டாம். நகல் எடுத்து நகலை மாட்டுங்கள். மூலப்படத்தைச் சுத்தமான வெள்ளைத் தாளில் மடிக்காமல் பொதிந்து, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால்?

நான் செய்ததைச் செய்யாதீர்கள். இழுக்கக்கூடாது, சூடு காட்டக்கூடாது, தண்ணீரில் ஊறவைக்கக்கூடாது. சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். கைப்பேசியில் பிளாஷ் போடாமல் படம் எடுங்கள். கண்ணாடியில் உங்களுக்குப் பின்னாலுள்ள வெளிச்சம் தெரிந்தால் முதுகுக்குப் பின்னால் ஒருவரைக் கறுப்புக் குடை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், அது குறையும். அந்தப் பதிவை ஸ்டூடியோவில் கொடுத்தால் புதுப்படம் கிடைக்கும். மூலப்படம் கண்ணாடியோடே இருக்கட்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். சித்தப்பா வீட்டு ஆல்பத்தில் ஒரு கல்யாணக் கூட்டப்படம் அகப்பட்டது. ஓரத்தில் அப்பா நிற்கிறார்; பின்னால் எங்கள் லயத்து வீட்டுப் படிக்கட்டு தெரிகிறது. அந்த லயம் இன்று இல்லை; செம்பனை நிற்கிறது. அந்தப் படத்துக்கு நகல் எடுத்து, மேலே சொன்ன முறைப்படி அட்டை வைத்துக் கண்ணாடி போட்டேன். அம்மா கண்ணாடியின் மேல் பொட்டு வைத்தார். பிறகு படத்தில் நின்ற பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். பின் அட்டையில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பார். வரும் ஞாயிற்றுக்கிழமை படத்தை இறக்குங்கள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.