சிறைவாசமும் சிகரெட்டும்

சிறைப்பட்டவரின் மனஅழுத்தத்திற்குக் காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வழக்கு எப்படி முடியுமோ என்ற கவலையும், வெளியே விட்டுவந்த குடும்பத்தின் நினைவும், முன்பின் அறியாதவருடன் ஒரே அறையில் பூட்டப்பட்டுக் கழியும் இரவுகளும் ஒன்றுசேர்ந்து அவரை அழுத்துகின்றன. அங்கே நகராத பொழுதை நகர்த்துவதும், பண்டமாற்றில் பணமாகப் புழங்குவதும் சிகரெட்டுதான். ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தபோதுகூடச் சிறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

எனினும், சிகரெட் மனஅழுத்தத்தைத் தணிக்கிறது என்ற நம்பிக்கையை அப்படியே ஏற்பதற்கில்லை. உள்ளிழுத்த சில நொடிகளில் மூளையை எட்டும் நிகோட்டின், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. ஆனால் இரத்தத்தில் நிகோட்டினின் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், அதற்குப் பழகிப்போன மூளை எரிச்சலையும் படபடப்பையும் உறக்கமின்மையையும் தோற்றுவிக்கிறது. விலகல் அறிகுறிகள் எனப்படும் இவை சிறைவாழ்வின் இயல்பான துயரத்தோடு கலந்துவிடுவதால், எது எதனால் வந்தது என்று கைதியால் பிரித்தறிய முடிவதில்லை. அடுத்த சிகரெட் தணிப்பது முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற தவிப்பைத்தான். வழக்கும் குடும்பக் கவலையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, புகைப்பதை விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மனஅழுத்தமும் குறைந்திருந்ததைக் காட்டியது. அவ்வாய்வுகள் சிறைவாசிகளுக்கென்றே நடத்தப்பட்டவை அல்லவெனினும், அவர்களிடமிருந்து சிகரெட்டைப் பறிப்பது கொடுமை என்ற வாதத்தை அவை பெரிதும் தளர்த்துகின்றன.

விடுவது நல்லதென்பதால் திடீரென்று விடச்செய்வதும் நல்லதாகிவிடாது. விலகல் அறிகுறிகள் முதல் சில நாள்களில்தான் உச்சம் பெறுகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சிறைகளில் 2015 ஜூலை 1 அன்று தடை நடைமுறைக்கு வரவிருந்த நிலையில், அதற்கு முந்தைய நாளே மெல்போர்னின் ரேவன்ஹால் சிறையில் பெருங்கலவரம் மூண்டது. மாறாக ஸ்காட்லாந்து, 2017 ஜூலையில் முன்கூட்டியே அறிவித்து, நிகோட்டின் ஒட்டுப்பட்டைகளையும் ஆலோசனையையும் வழங்கி, மின்சிகரெட்டுகளையும் அனுமதித்த பிறகே 2018 நவம்பர் 30 அன்று தடையை நடைமுறைப்படுத்தியது. முதல் வாரத்திலேயே சிறைக் காற்றில் புகையின் நுண்துகள்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. தாம் புகைக்காமலேயே அந்தக் காற்றை நாள்தோறும் சுவாசித்துவந்த காவலர்களுக்கும் பிற கைதிகளுக்கும் இது நீண்டகாலமாக மறுக்கப்பட்டிருந்த நியாயம். மின்சிகரெட்டிலும் நிகோட்டின் இருப்பதால் அடிமைத்தனம் முற்றிலும் நீங்குவதில்லை என்பது உண்மையே. ஆயினும் புகையிலை எரிவதால் வரும் கேட்டோடு ஒப்பிட, அது மிகச் சிறிய விலை.

உண்மையான சோதனை விடுதலைக்குப் பின்னரே வருகிறது. புகைக்கவே இயலாத சிறையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் வெளியே வந்த சில நாள்களிலேயே மீண்டும் பற்றவைக்கிறார்கள். வேலையும் இருப்பிடமும் தேடியலையும் அந்நாள்களின் நெருக்கடியை எதிர்கொள்ள அவர்களுக்கு வேறு வழி எதுவும் கற்பிக்கப்பட்டிருப்பதில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், விடுதலைக்கு முன் 6 ஆலோசனை அமர்வுகளில் பங்கேற்றவர்களில் 25 விழுக்காட்டினர் வெளியேறி 3 வாரங்கள் கழிந்த பின்னும் புகைக்காமல் இருந்தனர். அந்த ஆலோசனையைப் பெறாதவர்களிடம் இந்த அளவு 7 விழுக்காடே.